அத்தான் மறந்த வசனம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவர் வழியாக என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்றால் மரியாதையாக இருக்காது. காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஊரையே சிரிக்கவைக்கும் அந்த நடிகனின் கண்களுக்குள் ஒரு...' அடித்துவிட்டேன். அத்தான் கண்களில் அப்படி எதுவும் தெரியாது. தடித்த கண்ணாடி.

2

அத்தான் நாடக நடிகர். குழுவோடு ஊர் ஊராகப் போய்விடுவார். வீடு அவருக்குத் துணி மாற்றும் இடமாகிப்போனது என்று சொல்லி, போன வருடம் அக்கா பெட்டியோடு எங்களிடம் வந்துவிட்டாள். (யார் பக்கம் நியாயம்? எழுத்தாளன் நடுநிலையாக இருக்க வேண்டும். நான் அவளுடைய தம்பி.)

3

இந்த முறை அவருக்குக் கிடைத்தது பழைய நகைச்சுவை நாடகம் ஒன்றில் கதாநாயகன் வேடம். மனைவிமேல் சந்தேகப்பட்ட வியாபாரி, ஒட்டுத்தாடியோடு தன் வீட்டிலேயே வேலைக்காரனாகச் சேர்கிறான். செந்தமிழ் வசனம் வாயில் நுழையவில்லை, எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டும் என்று அத்தான் புத்தகத்தோடு வந்து நின்றார். அக்கா மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். வாங்கிப் புரட்டினாள். எழுத்து ரொம்பப் பொடி என்று முணுமுணுத்துக்கொண்டே விளக்கைப் போட்டாள்.

மாலைதோறும் வந்தார். ஒரே இடத்தில் தடுமாறினார். எசமான் எப்படிப்பட்டவர் என்று வேலைக்காரன் கேட்பான். வீட்டில் இருந்தால்தானே சொல்வதற்கு என்பாள் மனைவி. (அரங்கம் சிரிக்க வேண்டிய இடம். எங்கள் முன்னறை சிரிக்கவில்லை.) அடுத்து அவர் சொல்ல வேண்டியது: 'இல்லாதவரைத் தேடுவதுண்டோ, அம்மணி?' அது மட்டும் வராது. அக்கா எடுத்துக்கொடுப்பாள். பிறகு புத்தகத்தைப் பார்த்து, 'தேடாத நாளில்லை' என்று தன் வரியைப் படிப்பாள். உடனே அத்தான், இன்னொரு தடவை முதலிலிருந்து பார்க்கலாமா என்பார்.

4

அரங்கேற்றத்துக்கு முந்தின மாலை அக்கா புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு இது எப்பவோ பாடமாயிடுச்சு."

அத்தான் கேட்டார்: "தெரிஞ்சேதான் படிச்சியா?"

"எழுதியிருந்ததைப் படிச்சேன்."

"புத்தகத்தைப் பார்த்தா படிச்சே?"

[சுவருக்குக் கண் இல்லை. அவள் பார்த்துத்தான் படிக்கிறாள் என்று மேலே எழுதிவிட்டேன். திருத்த மனம் வரவில்லை.]

அத்தான் செருப்பு மாட்டும் சத்தம். அப்புறம் வாசல் கதவு.

5

மேடையில் அத்தான் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. மனைவியாக நடித்த பெண் 'தேடாத நாளில்லை' என்றதும் கைதட்டல் எழுந்தது. அக்கா தட்டவில்லை, மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வெளியே, தாடி ஒட்டிய பசை கன்னத்தில் திட்டுத்திட்டாக இருக்க, அத்தான் வந்தார். நான் வண்டி எடுக்கப் போனேன். கதாசிரியன் போகக்கூடாத நேரம்.

ஒரு முடிவு: அவள் முந்தானையால் அந்தப் பசையை... வேண்டாம், அக்கா அப்படிச் செய்கிறவள் இல்லை. இன்னொரு முடிவு: அடுத்து எந்த ஊர் என்று கேட்டாள், அவர் சொன்னார், அவ்வளவுதான். இதையும் நம்ப முடியவில்லை. அக்காவிடமே கேட்டேன். "பார்த்ததை மட்டும் எழுது" என்றாள்.

பார்த்தது இவ்வளவுதான். எப்போதும் முன்சீட்டில் உட்காருகிறவள் பின்கதவைத் திறந்து ஏறினாள். ஏறியவள் அந்தக் கோடி ஜன்னல்வரை நகர்ந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. அத்தான் வெளியே நின்றார். வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது. என் கை கியர்மேல் இருக்கிறது. கிளப்பட்டுமா, இருக்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.