பின்னால் ஓடும் மூன்று கியர்

1951இல் ஐடெல்லாவைக் காதலித்த நாட்களில் வெர்லின் ஸ்டப்ஸிடம் கூரையில்லாத ஃபோர்டு கார் ஒன்று இருந்தது. முதல் குழந்தை பிறந்ததும் விற்றுவிட்டார். இப்போது எழுபதை நெருங்கும் வயதில், ஆயில்டேல் ஊரில் தன் வீட்டு ஷெட்டில் இரண்டு வருஷமாக அதே மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐடெல்லா அதில் ஏறி உட்கார்ந்து, "ஆமா, நம்ம வண்டிதான்" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

அவளோ ஷெட்டைக் கடக்கும்போதெல்லாம், "அழகாத்தான் இருக்கு. ஆனா நம்மது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

சேசிஸ் என்ற அடிச்சட்டம் 1932ஆம் வருஷத்தது, பின்அச்சு நாற்பதாம் வருஷத்தது, குறுக்கே போகும் ஸ்பிரிங் பட்டை இருபத்தெட்டாம் வருஷத்தது. ஒரே கம்பெனிப் பிள்ளைகள்தான். ஆனாலும் பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி முகம் கொடுக்க மறுத்தன. அச்சிலிருந்த கொக்கிகளுக்கு ஸ்பிரிங் எட்டவில்லை. வெர்லின் அச்சைப் பிரித்தார், பருத்தி எடுக்கும் மெஷினின் பழைய இரும்பை அறுத்துப் புதுக் கொக்கிகள் செய்தார், உள்தள்ளிப் பற்றவைத்தார், மறுபடி பூட்டினார்.

சனிக்கிழமை நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கு முன், சங்கத் தலைவர் தார்ன்டன் பிக்கார்ட், வண்டி அசல்தான் என்று சான்றிதழ் தர வந்தார். கார் வேலையில் கையழுக்காகாமல் பார்த்துக்கொள்வதில் மாநிலத்திலேயே அவருக்கு இணையில்லை. சொந்தக் கம்பளத்தை விரித்து அடியில் படுத்தார்.

"ஆஹா! இந்தக் கொக்கி நாப்பத்தொம்பதுல பந்தயக்காரங்க அடிச்சது. இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது!"

"போன வாரம்கூட கிடைச்சுது" என்றார் வெர்லின்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல தலைவரே."

'முற்றிலும் அசல்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, காருக்குப் பின்னால் போய் நின்று, கூடியிருந்த சங்க உறுப்பினர்களுக்கு உரையாற்றத் தொடங்கினார். பக்கத்தில், அவர் பெயர் தைத்த மடக்கு நாற்காலியில் சான்றிதழ் கிடந்தது.

ஐடெல்லா ஏறி உட்கார்ந்தாள்.

"எப்படியிருக்கு?"

"சீட் மெத்துனு இருக்கு" என்றாள். வெர்லின் முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார்.

கார் பின்னால் பாய்ந்தது. தலைவர் வேலிச் செடிக்குள் குதித்தார். நாற்காலி நொறுங்கியது, சான்றிதழ் சக்கரத்தடியில் போயிற்று.

வெர்லின் பிரேக்கை மிதித்தார். அப்போதுதான் விஷயம் உறைத்தது. கொக்கி நினைப்பிலேயே இருந்து, அச்சுக்குள் பெரிய பல்சக்கரத்தை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டார். இனி முன் கியர் மூன்றும் பின்னால்தான் ஓடும். ரிவர்ஸ் ஒன்றுதான் முன்னால் போகும்.

பக்கத்தில் ஐடெல்லா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவோட ரோஜாச் செடி மேல இப்படித்தானடா ஏத்தின!"

"அப்பவும் இதே தப்புதான்" என்று முனகினார்.

"இது அசலே இல்ல! ரத்து!" வேலிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீங்க சும்மா இருங்க. இது எங்க வண்டி" என்றாள் ஐடெல்லா. வெர்லின் பக்கம் திரும்பி, "அன்னிக்கு அப்புறம் என்ன பண்ணின?"

"ரிவர்ஸ் போட்டு உன்ன ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அப்ப போடு."

ஊர்வலம் வேறு பக்கம் போனது. ஃபோர்டு ரிவர்ஸ் கியரில் ஊளையிட்டபடி கெர்ன் ஆற்றை நோக்கி முன்னால் ஊர்ந்தது. வழியில் இரண்டு சைக்கிள்கள் அதை முந்திச் சென்றன.