மஞ்சள் துண்டு யாரிடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்த தப்புக்கு வேறு காரணம் கிடையாது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறை. அங்கேதான் நானும் என் கொழுந்தனும் வேலை பார்க்கிறோம். மேலே எடுக்கிற ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் எங்கள் அறையில் இருக்கும் ஒரே அலமாரியில் வந்து சேரும். அதில் பன்னிரண்டு டிஸ்க். எந்த இரண்டு செத்தாலும் மீதிப் பத்தை வைத்து எல்லாவற்றையும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். மூன்றாவதும் போனால் மொத்தமும் போச்சு.

அலமாரியைப் பார்த்துக்கொள்ள இரண்டு சர்வர்கள். நான் வைத்த பெயர் பெரியவள், சின்னவள். பெரியவள் வேலை செய்வாள். அவளுக்கு மூச்சு இருக்கிறதா என்று சின்னவள் நொடிக்கொரு தரம் கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் வராவிட்டால் முதலில் பெரியவளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவாள், அப்புறம்தான் அலமாரியில் கை வைப்பாள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் அப்படிச் செய்யாவிட்டால் பெரியவள் அரை மயக்கத்தில் எழுந்து அவள் பாட்டுக்கு எழுத, இவள் பாட்டுக்கு இவளும் எழுத, இரண்டு பேருமாகச் சேர்ந்து அத்தனையையும் குட்டிச்சுவராக்கிவிடுவார்கள்.

மெஷினுக்கு இருக்கிற ஒழுக்கம் மனுஷருக்கும் வேண்டாமா? அதற்காக நாங்கள் ஒரு மஞ்சள் துண்டு வைத்திருக்கிறோம். துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் அலமாரியைத் தொடலாம். டிஸ்க்கைக் கழற்றுவதாக இருந்தால் மற்றவர் எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும், துண்டுக்காரர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு இழுக்க வேண்டும்.

இது தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஒரே கிண்டல். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வீட்டில் எனக்கும் அவர் தம்பிக்கும் வாக்குவாதம் முற்றும்போதெல்லாம் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னைக்குத் துண்டு யாருகிட்ட?" என்று கேட்பார். உடனே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். பதினாறு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சுவரில் மோதப் போகிறவரிடம்கூட, "பிரேக்கை மெதுவா மிதிங்க" என்றுதான் சொல்லுவார். நான் அடுக்களையிலிருந்து கத்துவேன், அவர் கூடத்திலிருந்து அதே குரலில் பதில் சொல்லுவார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குரலை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதை அவரிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாதான் ஒரு வழி சொன்னார். அறுவைக்கு முன்னால் அவர் குரலில் நிறைய வாக்கியங்களைப் பதிவு செய்துகொண்டால், பின்னால் அவர் தட்டச்சு செய்வதைக் கருவி அவர் குரலிலேயே பேசும். நாலு நாள் உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியம் படித்தார். கடைசியில் சொந்தமாகப் பன்னிரண்டு சொல்லுங்கள் என்றாராம் அந்த அம்மா. என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதெல்லாம் ரகசியம்" என்றார். புதன்கிழமை சாயங்காலம் பதிவு முடிந்தது. வியாழக்கிழமை காலையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பதிவு எங்கள் அலமாரியில் மட்டும்தான் இருந்தது. வேறு கட்டடத்துக்குப் பிரதி போவது சனிக்கிழமைதோறும். "நாமளே தனியா ஒரு காப்பி எடுத்து வெச்சிடலாமா அண்ணி?" என்று தம்பி புதன்கிழமையே கேட்டான். "நான் பாத்துக்கிறேன் போ" என்றேன். பிறகு ஆஸ்பத்திரிப் படுக்கை, கையெழுத்து, மருந்துச்சீட்டு என்று ஓடியதில் சுத்தமாக மறந்துபோனேன். ஊரில் எல்லோரையும் காப்பி எடு, காப்பி எடு என்று நச்சரிக்கிறவள் நான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியவள் மயங்கினாள். சின்னவள் முறைப்படி அவள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அலமாரியை எடுத்துக்கொண்டாள். மேலே ஒருத்தருக்கும் தெரியவில்லை. சபாஷ் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஒரு டிஸ்க் செத்தது. திரையில் ஏழு என்று காட்டியது. பதிலுக்குப் போட வேண்டிய புது டிஸ்க் மேஜையிலேயே இருக்கிறது. துண்டைத் தேடினால் காணோம். அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போன தம்பி, துண்டைத் தோளில் போட்டபடியே போய்விட்டான்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. அவர் குரல் உள்ளே கிடக்கிறது, இவன் துண்டோடு உலாத்துகிறானா? அழைத்தேன், எடுக்கவில்லை. துண்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஸ்டிக்கரில் ஏழு என்று இருந்த டிஸ்க்கை வெடுக்கென்று இழுத்தேன்.

அலமாரி அலறியது. திரையில் ஆறு, ஏழு இரண்டுமே சிவப்பு.

பிறகுதான் உறைத்தது. மெஷின் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஸ்டிக்கர் ஒன்றிலிருந்து எண்ணும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், "எந்த மனுஷன் பூஜ்யத்துலேர்ந்து எண்ணுவான்?" என்று சண்டை போட்டு அந்த ஸ்டிக்கரை ஒட்டியதே நான்தான். அன்றிலிருந்து தம்பி பாவம், ஒவ்வொரு தரமும் ஒன்றைக் கூட்டிப் படிப்பான். செத்தது ஸ்டிக்கர் எட்டு. நான் பிடுங்கியது உயிரோடு இருந்த ஏழு.

தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான். தோளில் துண்டு. என் கையில் டிஸ்க்.

"எந்த ஸ்டிக்கர் அண்ணி?"

"ஏழு."

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அப்போதுதான் ஸ்டிக்கர் மூன்று முனகத் தொடங்கியது. சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்று திரையில் மஞ்சள் வரிகள். அதுவும் போனால் செத்தது மூன்றாகிவிடும். அது போனால் அவர் குரல் இந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது. மேஜையில் இருந்த புது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இதை எட்டுல சொருகிடறேன். ஒண்ணாவது நிரம்பட்டும்."

"வேண்டாம் அண்ணி. புதுசு நிரம்ப ஒன்பது மணி நேரம் ஆகும். அது வரைக்கும் மூணை விரட்டி விரட்டிப் படிக்கும். அது தாங்காது."

"அப்ப என்னதான்டா பண்றது? கைய கட்டிக்கிட்டு உட்காரச் சொல்றியா?"

"உங்க கையில இருக்கிறதைத் திரும்பப் போடலாம். மாடியில ஃபோன் மணியை அணைச்சு வெச்சிருந்தேன், ஆனா அலாரம் அலறினதுமே ஃபோன்லேர்ந்தே அலமாரியில எழுதறதை நிறுத்திட்டேன். ஸ்கேன்காரங்க எல்லாரையும் படத்தை அவங்க மெஷின்லயே வெச்சுக்கச் சொல்லியாச்சு."

"எவ்வளவு நேரத்துல நிறுத்தின?"

"நீங்க இழுத்து நாப்பது செகண்டுக்குள்ள. அந்த நாப்பது செகண்டு சேதிதான் அதுக்குத் தெரியாது. எங்கெங்க எழுதினோம்னு குறிப்பு இருக்கு. அந்த இடத்தை மட்டும் நிரப்பினாப் போதும்."

துண்டோடு போனான் என்று நான் யாரைக் கரித்துக் கொட்டினேனோ, அவன் துண்டுக்காரன் செய்ய வேண்டியதை மாடியில் அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்றபடியே செய்திருக்கிறான்.

"இந்தா, நீயே போடு" என்று டிஸ்க்கை நீட்டினேன். "என்னை நம்பாதே."

அவன் வாங்கவில்லை. துண்டை எடுத்து என் தோளில் போட்டான். "நீங்க போடுங்க. நான் படிக்கிறேன். சிஸ்டத்துல ஆறு. ஸ்டிக்கர் ஏழு."

"சிஸ்டத்துல ஆறு. ஸ்டிக்கர் ஏழு" என்று திருப்பிச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா அண்ணி. கத்தறதுக்கு உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

கத்தினேன். சொருகினேன். புது டிஸ்க்கா பழைய டிஸ்க்கா என்று திரை கேட்டது. புதிது என்று சொன்னால் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவன் படிக்க, நான் திருப்பிச் சொல்லி, பழையது என்று அழுத்தினேன். வெடுக்கென்று இழுத்ததில் அது அடிபடாமல் இருக்க வேண்டும். மூன்று நிமிஷம். திரையில் ஆறு பச்சையானது.

அடுத்த வேலையாக அவர் பதிவுகள் இருந்த ஃபோல்டரைத்தான் வெளியே எடுத்தோம். அலமாரி, ஆஸ்பத்திரி எல்லாம் அப்புறம். ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு தரம் எண்ணினான். சரியாக இருந்தது.

"எண்ணிக்கை இருந்தாப் போதாது. ஒண்ணு போட்டுக் கேளு" என்றேன். "கடைசிய போடு."

போட்டான். முதலில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அந்த ஏறாத இறங்காத குரல். "இன்னைக்குத் துண்டு யாருகிட்ட?" முடிவில், அடக்கப் பார்த்து முடியாமல் ஒரு சின்னச் சிரிப்பு.

காலம் பூராவும் வேண்டும் என்று அந்த மனுஷன் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்த பன்னிரண்டில் இது ஒன்று. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதேன். தம்பி என் முதுகைத் தட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான்.

எட்டுக்கும், பின்னாலேயே மூன்றுக்கும் புது டிஸ்க் போட ஏற்பாடு செய்துவிட்டு மாடிக்குப் போகும்போது மணி இரண்டு. அவர் தலையணையில் சாய்ந்து, கழுத்தில் கட்டோடு, மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். மறந்தது, கோபப்பட்டது, ஸ்டிக்கர், எல்லாம். "உங்க குரலை நானே தொலைச்சிருப்பேங்க" என்றேன்.

சிலேட்டில் எழுதினார்: எத்தனை காப்பி?

"மூணு" என்றேன்.

"மூணும் மூணு இடத்துல இருக்குண்ணா" என்றான் தம்பி.

தலையாட்டினார். பிறகு கையை நீட்டி, நான் எடுக்க மறந்திருந்த துண்டை என் தோளிலிருந்து உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார். எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: ரெண்டு பேரும் சாப்பிடலை. போங்க.

துண்டு அவரிடம் இருந்தது. மறுபேச்சில்லாமல் போய்ச் சாப்பிட்டோம்.