ஆறு ராத்தல் பொட்டு

நீலாம்பாளுக்கு நாய் என்றால் பிரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லாத ஒன்று தன் வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் அவளுக்குப் பிரியம். மலையாள தேசத்து மட்டாஞ்சேரியில் அவர்கள் குடியிருந்த பிராமணத் தெருவில் எல்லார் வீட்டிலும் தஞ்சாவூர்ப் பொம்மை இருந்தது, வெள்ளிக் குத்துவிளக்கு இருந்தது. நாய் மட்டும் இல்லை. இருக்கவும் கூடாது என்பது தெருவின் அபிப்பிராயம்.

விஷுவுக்கு மறுநாள் அவள் கணவன் வெங்கிடாசலம் ஒரு நாய்க்குட்டியோடு வந்தான். அவன் தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. படகுத் துறையில் பிச்சைமணி என்று ஒருவன், தெற்கேயிருந்து பிழைக்க வந்தவன், கிளி, முயல் என்று எது கிடைத்தாலும் விற்பான். குட்டியைச் சாயா குடிக்கிற கண்ணாடித் தம்ளருக்குள் உட்கார வைத்து அவன் காட்டியிருக்கிறான்.

"கப்பல்ல வந்த சாதி சாமி. டாய்னு பேரு, பொம்ம நாயின்னு அர்த்தம். இதுக்கு மேல வளராது. வளந்தா என்னைய வந்து கேளுங்க."

பிறந்து கொஞ்ச நாளே ஆன எந்தக் குட்டியும் தம்ளருக்குள் அடங்கும். வெங்கிடாசலத்துக்கு அது தோன்றவில்லை. நீலாம்பாளுக்குத் தோன்றியிருந்தாலும் அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டாள்.

அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்துப் பின்கட்டில் சாக்கு விரித்தாள். பக்கத்து வீட்டு லோகாம்பாள் வேலி வழியாக எட்டிப் பார்த்தாள். தெருவில் எந்த விஷயத்துக்கும் கடைசி வார்த்தை அவளுடையது.

"என்னடி நீலா, ஆசாரமா இருக்கற ஆத்துல பட்டியா?" நாய்க்கு மலையாளத்தில் பட்டி என்று பெயர்.

"பட்டின்னு சொல்லாதீங்கோ மாமி. இது டாய். எப்பவும் இத்தனூண்டுதான் இருக்கும். நவராத்திரிக்குக் கொலுப்படியிலே பொம்மையோட பொம்மையா உக்காத்தி வைக்கப் போறேன், பாருங்கோ."

மழைக்கு முன்னால் கம்பெனித் துரையின் பங்களாவில் டீ விருந்து நடந்தது. துரைசானியின் மடியில் நிஜமாகவே ஒரு குட்டி நாய் இருந்தது. நீலாம்பாள் கணவனை முழங்கையால் இடித்தாள். "நம்மாத்துலயும் இருக்குன்னு சொல்லுங்கோன்னா." அவன் சொன்னான். துரைசானிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் பேசியதை வெங்கிடாசலம் தமிழில் சொன்னான்.

"தலை உருண்டையா இருக்கணுமாம், காது நிமிர்ந்து நிக்கணுமாம். முக்கியமா எடை ஆறு ராத்தலுக்கு மேலே போகப்படாதாம். போனா டாய்னு சொல்லிக்கவே கூடாதாம். அவா ஊர்ல இதுக்குன்னு சட்டம் போட்டு வச்சிருக்கா. நம்மளது எத்தனை இருக்கும்னு கேக்கறா."

"அஞ்சுன்னு சொல்லுங்கோ. கொலுவுக்கு வரச் சொல்லுங்கோ, நேர்லயே பார்க்கட்டும்."

அன்றைக்கு அது பொய்யில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெங்கிடாசலம் பொட்டுவைப் பையில் போட்டுக்கொண்டு, பஜாரில் தெரிந்தவர் மிளகு மண்டிக்குப் போய்த் தராசில் வைத்தான். ஆறு தாண்டிய வாரம் நீலாம்பாள் சாயங்காலச் சாதத்தை நிறுத்தினாள். ஏழு தாண்டியதும் காலையில் ஒரு பிடி தயிர்சாதம், அவ்வளவுதான். அதைத் தட்டில் போட்டுவிட்டு எதிரிலேயே நிற்பாள். தின்று முடித்துத் தட்டைச் சுரண்டத் தொடங்கியதும் "போறும்" என்பாள். முதலில் அது தட்டை விடாமல் நக்கியது. நாளடைவில் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் இரண்டடி பின்னால் போய் உட்காரப் பழகிக்கொண்டது. மனுஷாளுக்கே இந்த அடக்கம் கிடையாது என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

"ரொம்ப முனகறதே நீலா. பாவம், பசிக்கறதோ என்னவோ" என்றான் வெங்கிடாசலம்.

"அதோட ஜாதிக்கு இவ்வளவுதான் ஆகாரம். துரைசானிகிட்ட சொன்னது நீங்கதானே?"

துரைக்கு முன்னால் தலைகுனிய அவனுக்கும் இஷ்டமில்லை.

இத்தனை செய்தும் பொட்டு வளர்ந்தது. கால் நீண்டது. காது மடிந்து தொங்கியது. மூஞ்சி கூராயிற்று. விலா எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. யார் பார்த்தாலும் அது அசல் தெரு நாய். ஓணம் கழிந்தபோது தராசு பத்து காட்டியது. அன்றோடு நீலாம்பாள் நிறுக்க அனுப்புவதை நிறுத்தினாள், சாதத்தை ஏற்றவில்லை. சொன்ன வார்த்தை அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது, அதற்குப் பட்டினி கிடந்தது நாய்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் துரைசானி வந்தாள், கையில் தன் நாயோடு. கூடம் நிறையத் தெருப் பெண்கள். பொட்டுவை நீலாம்பாள் விறகுக் கொட்டகையில் கட்டிப்போட்டிருந்தாள்.

"எங்கேடி உன் டாய்? படியிலே காணோமே?" என்று லோகாம்பாள் எல்லாரும் கேட்கும்படி கேட்டாள்.

"கலூர்ல தங்கை ஆத்துக்கு அனுப்பியிருக்கேன் மாமி. குழந்தைகள் ஆசைப்பட்டது."

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியின் கைத் தொன்னை தவறிக் கடலை தரையில் சிதறியது. அடுத்த நிமிஷம் பின்கட்டு வழியாகப் பொட்டு உள்ளே ஓடி வந்தது. கழுத்து அவ்வளவு மெலிந்திருந்ததால் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்க்கவில்லை, கொலுவைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த கடலையை மண்ணோடு சேர்த்து விழுங்கியது.

"ஐயோ, யாரோட பட்டி இது?" என்று லோகாம்பாள் புடவையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"தெரியலையே மாமி. தெருவிலேர்ந்து வந்திருக்கு" என்றாள் நீலாம்பாள்.

குரலைக் கேட்டதும் பொட்டு வாலை ஆட்டியது. துரைசானி மெதுவாக ஏதோ சொன்னாள். வெங்கிடாசலம் அதைச் சொல்லாமல் நின்றான். எல்லாரும் அவனையே பார்க்கவே சொன்னான்.

"பட்டினி போட்டிருக்கான்னு சொல்றா. யாரோ பாவிங்கறா."

நீலாம்பாளுக்கு எப்படியாவது அதை வெளியே விரட்டினால் போதும். துடைப்பத்தை ஓங்கினாள். 'போ' என்றுதான் சொல்ல வந்தாள். நாக்கு பழக்கத்தில் புரண்டுவிட்டது.

"போறும்!"

வாயிலிருந்த கடலையை அப்படியே போட்டுவிட்டு, பொட்டு இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தது. காலடியில் இன்னும் கடலை கிடந்தது. அது குனியவில்லை. அவள் முகத்தையே பார்த்தது.

கூடத்தில் யாருக்கும் யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. துரைசானி தன் நாயை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். லோகாம்பாள் கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நீலாம்பாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தபடி வெளியேறினார்கள், குற்றம் தங்களுடையது போல. துடைப்பத்தைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் அவள் நின்றாள்.

எல்லாரும் போன பிறகு சமையலறைக்குப் போனாள். இருந்த சாதம் அத்தனையும் தயிர் விட்டுப் பிசைந்து, தாம்பாளத்தில் குவித்து எடுத்து வந்தாள். பின்கட்டில் வைக்கவில்லை. கொலுவுக்கு முன்னால், கூடத்திலேயே வைத்தாள். வெங்கிடாசலம் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தின்னுடா கண்ணா" என்றாள்.

பொட்டு தின்றது. ஒரு பிடி அளவு குறைந்ததும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அது தானாகவே இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து, அவள் தட்டை எடுத்துக்கொண்டு போவதற்காகக் காத்திருந்தது.