விராலுக்குப் பதில் தண்ணீர்

சின்னச் சின்ன வாய்கள் தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொட்டு ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி கீழே போகின்றன, நீல வாளி நிறையச் செந்நிற விரால் குஞ்சுகள், மீன் ஆராய்ச்சி செய்யும் வடிவு விளிம்பைப் பிடித்துக் குனிந்திருக்கிறாள், பாத்தீங்களா, மேல எதுன்னு இதுங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல என்கிறாள், மேலே வந்து மூச்சு வாங்காவிட்டால் விரால் செத்துப்போகும், மேல் என்பதே இல்லாத விண்வெளி நிலையத்தில் பொரிக்கும் குஞ்சு எந்தப் பக்கம் நீந்தும், வருடக்கணக்காக அவள் சுமந்த கேள்வி அது ஒன்றுதான், நிலையத்துக்கு உணவும் உடையும் சோதனைப் பெட்டிகளும் கொண்டுபோகும் சரக்குக் கலத்தில் எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டுவது என் வேலை, உயிருள்ளவை கடைசியில் ஏறும், அவளுடைய முட்டைப் பெட்டிக்குக் கதவோரம் இடம், எங்கள் மேலாளர் ராயப்பன் அண்ணாச்சி அதைத் தூக்கும்போது, எம்மா, மேல போயி கொழம்பு வச்சிரப் போறானுவ, நல்லவேள புளி அனுப்பல என்பார், புளிக்காய்ச்சல் பாக்கெட் போயிருக்கு அண்ணாச்சி, நான்தான் பாத்தேனே என்பாள் அவள்.

காற்று வலுத்து ஏவுதல் தள்ளிப்போனது, பெட்டியை இறக்கினோம், முட்டைகள் தரையிலேயே பொரிந்தன, புது முட்டைகளோடு வந்தாள், மறுபடி காற்று, மறுபடி பொரிந்தன, மூன்றாம் முறை நாள் குறித்தபோது மழைக்காலம் முடிந்து விரால்கள் முட்டையிடுவதையே நிறுத்தியிருந்தன, அடுத்த கலத்துல போடலாமா அண்ணாச்சி என்று கேட்கிறாள், அதுல வேற ஆளுக்குக் குடுத்தாச்சும்மா என்கிறார் அவர் தரையைப் பார்த்து, கலம் ஒரு பக்கம் சாயக்கூடாது, அவள் பெட்டி இருந்த இடத்தில் அதே எடைக்கு ஒரு தண்ணீர்ப் பையை வைத்துப் பட்டையை இழுக்கிறேன், சரக்கடுக்கும் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நல்லா இறுக்குங்க, ஆடிரக் கூடாது என்கிறாள், அல்லது அதை நான் பிறகு கனவில் கேட்டேனா, அந்தக் கண்ணாடி வழியே குரல் வராதே.

கலம் போன பிறகுதான் தரையில் பொரிந்த குஞ்சுகளோடு அந்த நீல வாளி, குளத்துல விடப் போறேன், வாரீங்களா என்றாள், அடுத்த கலத்துக்கு அடுக்கணுமே வடிவு என்றேன், சரி என்று தூக்கிக்கொண்டு போனவள் வேலைக்குத் திரும்பவில்லை, எங்கோ மீன்தீவனம் விற்கும் கம்பெனியில் இருக்கிறாளாம்.

அந்தி வானில் நிலையம் ஒரு வெளிச்சப் புள்ளியாகக் கடக்கும் நாட்களில் சாலையோரம் நின்றுவிடுகிறேன், அந்தத் தண்ணீரை அவர்கள் எப்போதோ குடித்திருப்பார்கள், அங்கே மூச்சிலும் வியர்வையிலுமிருந்து நீரைப் பிரித்து மறுபடி குடிப்பார்கள், அதனால் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், மேல் எதுவென்று தேட ஒரு குஞ்சும் இல்லாத தண்ணீர், புள்ளி கடலுக்கு அப்பால் மங்குகிறது, அண்ணாந்தபடி என் வாய் தானாகத் திறந்து ஒரு மிடறு காற்றை வாங்குகிறது, தலையைக் கீழே இறக்கிக்கொள்கிறேன்.