ருசி பாராத ஏழு பெட்டிகள்

நிறை குறைக்கச் சொல்லிக் கிளினிக்கில் ஒரு தாள் தந்தார்கள். அதன்படி ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஏழு நாள் சாப்பாட்டையும் சமைத்து, ஏழு பெட்டிகளில் அடைத்து, பிரீசருக்குள் வைத்தேன். அரைக் கப் சிவப்பரிசிச் சோறு, பயற்றங்காய், முருங்கைக்காய்க் கறி. முருங்கைக்காய் தாளில் இல்லை. என் கணவர் ஜெயரூபனுக்குச் சமைத்துப் பழகிய கை.

அவர் போய் எட்டு மாதம். காரைநகர் வீட்டில் நான் மட்டும்தான். நிறை பார்க்கும் தராசுகூட அவருடையது. காலையில் ஏறி நின்று, எழுபத்திரண்டைத் தாண்டவில்லை என்று தினமும் பெருமையடிப்பார். எனக்கு எண்பத்தொன்று.

திங்கள் பின்னேரம் பிரீசரைத் திறந்தேன். பெட்டிகள் மூடியபடிதான் இருந்தன. ஆனால் ஏழிலும் முருங்கைக்காய் சப்பிய சக்கையாகக் கிடந்தது. சக்கையும் கல்லாக உறைந்திருந்தது.

பக்கத்து வீட்டு யோகம்மா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உப்புப் பார்த்தனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. ஒரு கரண்டி வாயில வைச்சாலும் அதுவும் கணக்குத்தானே."

"செத்த ஆக்களுக்குப் படைக்கத்தான் ருசி பாராமல் சமைக்கிறது. அவருக்கு விருப்பமானதைச் சமைச்சு, படைச்ச அறையைச் சாத்துற மாதிரி பிரீசர் கதவையும் சாத்தி வைச்சிருக்கிறீர். வராமல் இருப்பாரோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டு மாதமாக அழுது கூப்பிட்டும் வராத மனிதர், முருங்கைக்காய்க்கு வந்தாராம்! வீட்டு வளவு மூலையில் கிடங்கு வெட்டி எல்லாவற்றையும் புதைத்தேன்.

மறுநாள் காலை தராசில் ஏறினேன். எண்பத்தொன்று. இறங்கினேன்.

ஊசி பூச்சியத்துக்குத் திரும்பவில்லை. எழுபத்திரண்டில் வந்து நின்றது.