முதல் கூண்டின் ஆறு எலிகள்

பதினேழு வருடம் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் அவள். "அக்கா, வயித்தெரிச்சலுக்கு ஏதாவது குடுங்க" என்று கை நீட்டியவர்களுக்கெல்லாம் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துக் கொடுத்து, அந்த எரிச்சல் எங்கிருந்துதான் வருகிறது என்று பார்த்துவிடும் ஆசை அவளுக்கே வந்துவிட்டது. நாற்பத்து மூன்றாவது வயதில் வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் அவளைவிட ஒன்பது வயது இளையவர். அவர் அவளை 'மேடம்' என்பார், அவள் அவரை 'சார்' என்பாள். முதல் ஆறு மாதம் இருவரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டே ஓட்டினார்கள்.

அவள் எடுத்துக்கொண்டது தொட்டாற்சிணுங்கி இலை. அரைத்துக் குடித்தால் வயிற்றுப் புண் ஆறும் என்று கடைக்கு வந்த பலர் சொல்லக் கேட்டிருக்கிறாள். சொன்னவர்கள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்ப்பதுதான் அவள் வேலை.

இலைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அவள் கணவர் பஸ் டிரைவர். பஸ் நிற்கும் ஷெட்டின் பின்சுவர் ஓரம் முழுக்க அந்தச் செடிதான். விடுமுறை நாளில் இரண்டு சாக்கு நிறையப் பறித்துக்கொண்டு, கையெல்லாம் முள் கீறலோடு வந்து நின்றார்.

"தொட்டாலே சுருண்டுக்குற செடி இது. இதுவா போய் வயித்துப் புண்ணை மிரட்டப் போகுது?"

"மிரட்டுதா இல்லையான்னுதாங்க பார்க்கப் போறேன்."

"அப்போ எலிக்கு ஊத்துறப்போ எனக்கும் ஒரு மூடி ஊத்து. ஒரு வருஷமா எரியுது."

"தாராளமா ஊத்தறேன். ஆனா எட்டாம் நாள் வயித்தைத் திறந்து பார்ப்பேன், சம்மதமா?"

அவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டாக்டரிடம் போய் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னபோதெல்லாம் அவருக்கு டூட்டி இருந்தது. நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலை. வயிறு காலியாக இருக்கக் கூடாது என்று தினமும் அவர் யூனிஃபார்ம் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்து அனுப்புவாள்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எரிசாராயத்தில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, சுண்டவிட்டாள். இரண்டு சாக்கு இலை, கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தார் மாதிரி கரும்பச்சையாக அடங்கிவிட்டது. அதை, கோந்து கலந்த பசைத்தண்ணீரில் கரைத்து எலிகளுக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்று கூண்டுகள், கூண்டுக்கு ஆறு எலி. முதல் கூண்டுக்கு வெறும் பசைத்தண்ணீர். இரண்டாவதற்கு, வயிற்றுப் புண்ணுக்குக் கடையில் விற்கும் மாத்திரை. மூன்றாவதற்கு இலைச் சாறு. எலிகளைப் பார்த்துக்கொண்டவர் அந்தத் துறையிலேயே தலை நரைத்தவர். எல்லோரும் அவரை எலியண்ணன் என்றே கூப்பிடுவார்கள். எலியைப் பிடிக்க அவர்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. கடிபட்டு அவளே கற்றுக்கொண்டாள். அவர் பஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

ஏழு நாள் மருந்து போயிற்று. எட்டாம் நாள் புண் உண்டாக்கும் மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின நாளிலிருந்து எலிகளின் வயிறு காலியாக இருக்க வேண்டும், தண்ணீர் மட்டும். மூன்று கூண்டிலும் 'பட்டினி' என்று பெரிய எழுத்தில் எழுதி அவளே அட்டை மாட்டினாள்.

எட்டாம் நாள் காலை அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நல்லவேளை, கணவர் டூட்டிக்குப் போகும் வழியில் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அப்போது தராசு அறையில் இருந்தாள்.

புண் மருந்து கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து எலிகளை வலியில்லாமல் முடித்தார்கள். அந்த வேலையின்போது அறையில் யாரும் பேசுவதில்லை. எலியண்ணன் வைத்த வழக்கம் அது. எந்த வயிறு எந்தக் கூண்டுடையது என்று அவளுக்குத் தெரியாதபடி பேராசிரியர் ஒன்றிலிருந்து பதினெட்டு வரை எண் மட்டும் போட்டுக் கொடுத்தார். தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் எண்ணினாள். சில வயிறுகளில் வெளிறிய மாவு போல ஏதோ ஒட்டியிருந்தது. அதையும் எழுதிவைத்தாள்.

மறுநாள் பேராசிரியர் எண்களைக் கூண்டுகளோடு சேர்த்துப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மேடம், உட்காருங்க."

"பரவாயில்லை, சொல்லுங்க சார்."

"வெறும் பசைத்தண்ணி குடிச்ச எலிங்களுக்குத்தான் புண்ணே இல்லை. மாத்திரையைவிட நல்லா இருக்கு."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் அவளுடைய நோட்டைப் புரட்டினார். "வெளிறிய மாவுன்னு ஆறு எண்ணுக்கு எழுதியிருக்கீங்களே. அந்த ஆறும் முதல் கூண்டு. யாரோ சாப்பாடு போட்டிருக்காங்க. வயிறு நிறைஞ்சிருந்தா புண் எப்படி வரும்?"

எலி அறைச் சாவி எலியண்ணனிடம்தான் இருந்தது. பேராசிரியர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயும் அப்படித்தான் நினைக்குறியாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனார்.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் கொட்டினாள். இரண்டு மாத உழைப்பு, எலிகளின் உயிர், எலியண்ணனின் முகம். கணவர் பாதியில் மெல்லுவதை நிறுத்தினார்.

"எந்தக் கூண்டுன்னு சொன்னே?"

"முதல் கூண்டு. கதவுக்குப் பக்கத்துல."

தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். "ஆறு எலியா?"

"ஆமா."

"பாக்கெட்டுல ஆறுதான் மிச்சம் இருந்துச்சு. இல்லைன்னா பக்கத்துக் கூண்டுக்கும் போட்டிருப்பேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கண்ணாடி குடுக்க வந்தேனா, உன்னைக் காணோம். எலி அறைக் கதவு திறந்திருந்துச்சு. எட்டிப் பார்த்தா கூண்டுல 'பட்டினி'ன்னு எழுதி மாட்டியிருக்கு. பாவம், யாரோ சாப்பாடு போட மறந்துட்டாங்க, அதான் போர்டு வெச்சுக் கேக்குறாங்கன்னு நினைச்சுட்டேன்."

"எலி போர்டு வெச்சுக் கேக்குமா?"

"எலி கேக்காது. எலிக்காக யாராவது கேக்க மாட்டாங்களா? காலி வயித்தோட எரிச்சல் எனக்குத் தெரியாதா? நீதானே சொன்னே, வயிறு காலியா இருக்கக் கூடாதுன்னு!"

கோபத்தில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அதில் பாதி அழுகை. அவர் பயந்துபோய் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

காலையில் இருவரும் எலியண்ணன் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் கதவைத் திறந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, தப்பு என்மேல. உங்களை நான் அப்படி விட்டிருக்கக் கூடாது" என்றாள் அவள்.

"அவ மேல இல்லைங்க, என்மேல" என்று கணவர் குறுக்கே புகுந்து பிஸ்கட் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். போர்டு விஷயம் வந்ததும் எலியண்ணனின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்மேலயும் கொஞ்சம் இருக்கும்மா" என்றார் கடைசியில். "தண்ணி பாட்டில் கழுவப் போனப்போ தாழ்ப்பாள் போடலை. நேத்து அதைச் சொல்ல எனக்கும் வாய் வரலை."

மூவரும் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதால்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு எலியண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுச் சாவியை அவர் கையிலேயே கொடுத்தார். "முதல்ல இருந்து ஆரம்பிங்க மேடம். புது எலிக்கு அனுமதி வாங்கவே ரெண்டு மாசம் ஆகும்."

அந்த இரண்டு மாதத்தில் கணவருக்கான தண்டனையை அவள் நிறைவேற்றினாள்: கேமரா பரிசோதனை. இந்தத் தடவை டூட்டி என்று அவரால் தப்ப முடியவில்லை. வயிற்றில் புண் இருந்தது. அதற்குக் காரணமான கிருமியும் இருந்தது. டாக்டர் இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். ஒரு வேளைகூடத் தவறாமல் அவள் எண்ணிக் கொடுத்தாள். எரிச்சல் நின்ற அன்று, "ஒரு வருஷம் முன்னாடியே போயிருக்கலாமோ?" என்று அவர் கேட்டார். அவள் காலி மாத்திரை அட்டையை அவர் கையில் வைத்தாள்.

இரண்டாம் முறை இலை பறித்ததும் அவர்தான், கையுறை போட்டுக்கொண்டு. எலியண்ணன் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார். பட்டினி நாளில் பேராசிரியரையே கையெழுத்து வாங்கிக்கொண்டு, சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

எண்கள் வந்தன. பசைத்தண்ணீர்க் கூண்டில் சராசரியாக ஒரு வயிற்றுக்குப் பதினான்கு புண். மாத்திரைக்கு நான்கு. இலைச் சாற்றுக்கு ஆறு.

"மாத்திரைதான் முதல். உங்க இலை ரெண்டாவது" என்றார் பேராசிரியர். "ஆனா நிஜமான ரெண்டாவது. இதை வெச்சு மனுஷங்களுக்கு எதுவும் சொல்ல முடியாது. அடுத்து இலைக்குள்ள எது வேலை செய்யுதுன்னு தேடலாம்."

ரெண்டாவது என்ற சொல் இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நடைபாதைக்கு ஓடிவந்து கணவருக்குப் போன் செய்தாள். அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார், எடுக்க மாட்டார். ஷெட்டுக்குப் போன் அடித்து நேரக்காப்பாளரிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: எலியெல்லாம் முடிஞ்சது, முதல் கூண்டுல பதினாலு, நம்ம கூண்டுல ஆறுதான், ரொம்ப சந்தோஷம்னு சொல்லிடுங்க.

நேரக்காப்பாளர் பொறுப்பான மனிதர். ஒரு சீட்டில் எழுதி, டிரிப் முடிந்து வந்தவரிடம் தனியாக அழைத்துப் போய்க் கொடுத்தார்.

"வீட்டுல எலித் தொல்லை அதிகம் போலிருக்கு" என்றார் அக்கறையாக. "மொத்தம் இருபது செத்துச்சாம். உங்க வீட்டம்மா சந்தோஷத்துல அழுறாங்க."

டிரைவர் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு ஷெட்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரு விசில் அடித்தார்.