மோட்டாரை நிறுத்திப் பார்க்கலாம்

"தண்ணி வழியும்னு உங்க தங்கச்சிகிட்ட யாரு சொன்னாங்களாம்?"

"வழியாதுன்னு உன் வீட்டம்மாகிட்ட யாரு சொன்னாங்களாம், அண்ணா? போன தடவையும் இதே…"

"நான் இன்னும் பேசி முடிக்கலைன்னு சொல்லுங்க!"

"எப்ப முடிப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு. சாயங்காலம் நான் கிளினிக் திறக்கணும்."

நடுவில் நின்ற மனிதருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பித் திரும்பியே கழுத்து சுளுக்கிக்கொண்டது. நாள் முழுக்க பஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் கூட இத்தனை தடவை கண்ணாடியைப் பார்த்திருக்க மாட்டார்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நேராப் பேசிக்கிட்டா என்ன?"

"அவங்ககிட்ட எனக்கென்ன பேச்சு!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவர் மனைவிக்கு. நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தக் கட்டடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே அவள் அண்ணி ஆகிவிட்டாள். இப்போது அப்படிக் கூப்பிடாதவள் கீழ் வீட்டு நாத்தனார் ஒருத்திதான். அவள் பல் டாக்டர். தப்பித் தவறி மாடிப்படியில் எதிரே வந்தால் கைப்பிடிச் சுவரோடு பேசிக்கொண்டு போவாள்.

எல்லாம் இப்போது கூடத்தில் நிற்கிற புதுத் தொட்டி மாதிரியே இருந்த ஒரு பழைய மீன் தொட்டியால் வந்த வினை. அண்ணி கடல் மீனும் பவளமும் வளர்த்தாள். மேலே கண்ணாடித் தொட்டி, அதன் கீழே அலமாரிக்குள் ஒரு சின்னத் தொட்டி. மேலே நிரம்பிய தண்ணீர் கீழே இறங்கும். மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். கரண்ட் போனால் கொஞ்சம் தண்ணீர் ஏற்றுக் குழாய் வழியாகவே திரும்பி இறங்கும். அது நிற்பதற்காகக் குழாயின் மேல்முனையில் ஒரு சின்ன ஓட்டை; அதில் காற்று புகுந்தால் உறிஞ்சல் விட்டுவிடும். அன்றைக்குக் கரண்ட் போனபோது அந்த ஓட்டையில் ஒரு நத்தை சொகுசாக உட்கார்ந்திருந்தது. மேலே இருந்ததெல்லாம் கீழே வந்து, அலமாரி நிரம்பி, தரை நிரம்பி, நாத்தனாரின் கட்டிலில் போய்க் கொட்டியது.

"அதுகூடப் பரவாயில்ல, அண்ணா. தலையெல்லாம் உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட மேல ஓடி வந்தேன். உன் வீட்டம்மா வாயிலேருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'காலைப் பார்த்து வை, மீன் கிடக்கு!' உனக்கு என்னடி ஆச்சுன்னு ஒரு வார்த்தை? ம்ஹும்."

அண்ணி குரலை உயர்த்தினாள்.

"இப்ப என்ன செய்யணுமாம்?"

"மோட்டாரை நிறுத்திக் காட்டச் சொல்லு. நான் கீழ என் கட்டில்ல உக்காந்திருப்பேன். என் வீட்டுல ஒரு சொட்டு விழுந்தாலும் தொட்டி இங்க இருக்கக் கூடாது."

"சரின்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு அண்ணி புதுத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளத் தொட்டி. பாறைகளை எடுத்து வைத்து, பிரித்து, மறுபடி அடுக்கி, நடுவில் மீன் நுழைந்து போக ஒரு குகை விட்டிருந்தாள். உப்பைக் கரைத்து, அளந்து, நேற்றுத்தான் நிரப்பினாள். குழாயில் இந்த முறை இரண்டு ஓட்டை. இன்னும் ஒரு மீன் கூட விடவில்லை. வெறும் தண்ணீரும் கல்லும்தான். அதையே ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

நாத்தனார் கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"ரெடி. குடையை விரிச்சுட்டேன்."

"கட்டில் மேலயா?" என்றார் அண்ணன்.

"பின்ன, கட்டிலுக்கு அடியிலயா?"

அண்ணன் டார்ச்சோடு அலமாரி முன்னால் குப்புறப் படுத்தார். அதனால் போனை அண்ணி வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு கையில் போன், ஒரு கை ஸ்விட்சில். போனை முகத்துக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டாள், கடித்துவிடுமோ என்பது போல.

டக். மோட்டார் நின்றது. வீடு திடீரென்று காலியானது போல இருந்தது.

"ஏறுது," என்றார் அண்ணன் தரையிலிருந்து. "நாலு விரல் இருக்கு… மெதுவாத்தான் ஏறுது… ரெண்டு விரல்."

"நிக்குதா?"

"நிக்குற மாதிரி இருக்கு. இல்ல. ஏறுது. விளிம்புக்கு வந்துடுச்சு. ஐயோ, வழியுது!"

அண்ணி போனை வாயோடு ஒட்டி அலறினாள்.

"எழுந்துரு! கட்டிலை விட்டு எழுந்து அந்தப் பக்கம் போ! ஏய், கேக்குதா? நீ நனையாதே, தள்ளிப் போ!"

"முதல்ல மோட்டாரைப் போடுடி!" என்று அண்ணன் கத்திய பிறகுதான் அவளுக்கு ஸ்விட்ச் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. போட்டாள். தண்ணீர் இறங்கியது.

அண்ணன் எழுந்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தரையில் ஒரு கைக்குட்டை அளவு ஈரம். மற்றதையெல்லாம் அவர் சட்டை குடித்துவிட்டது.

மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். விரித்த குடை வாசலில் மாட்டிக்கொள்ள, அதை மடக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள் நாத்தனார். தலைமுடி காய்ந்திருந்தது. அண்ணி அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"வழிஞ்சுடுச்சு," என்றாள் அண்ணி, நேராக அவளைப் பார்த்தே. "பேச்சு பேச்சுதான். நாளைக்கே எடுத்துடுறேன்."

"என் வீட்டுல ஒரு சொட்டுன்னுதான் சொன்னேன். என் வீட்டுல ஒண்ணும் விழல." நாத்தனார் குடையை மடக்கினாள். "ஏன் வழிஞ்சுது?"

"காலையில கீழ்த்தொட்டியில ஒரு வாளி அதிகமா ஊத்திட்டேன். தண்ணி பத்தாம மோட்டார் களக் களக்னு சத்தம் போட்டுது, பாவமா இருந்துச்சு."

"மோட்டாருக்குப் பாவம் பாத்தா? அந்த வாளியை எடு, அண்ணா. மார்க்கர் இருக்கா?"

லென்ஸில் புள்ளி வைக்கிற பேனாவை அண்ணி நீட்டினாள். ஒரு வாளி மொண்டு கொட்டினார்கள். இன்னொன்றும் கொட்டச் சொன்னாள் டாக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று. தண்ணீர் நின்ற மட்டத்தில் மண்டியிட்டு ஒரு கோடு இழுத்தாள்.

"இதுக்கு மேல ஊத்தினா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மறுபடி டக். மூன்று பேரும் ஒரே டார்ச் வெளிச்சத்தில் தலையோடு தலை முட்டிக் குனிந்தார்கள். ஏறியது, ஏறியது, விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்ததும் மனசு மாறியது போல நின்றுவிட்டது. அண்ணன் மட்டும் கை தட்டினார்.

"பவளம் எப்ப வைப்பீங்க?" என்றாள் நாத்தனார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"உடனே வைக்க முடியாது. தண்ணி பழகணும். முதல்ல பாறையெல்லாம் பழுப்பாப் படியும், பாக்கவே அசிங்கமா இருக்கும். சுரண்டாம விட்டா தானாப் போயிடும். அப்புறம்தான். ஆனா அந்தப் பழைய பச்சைப் பவளம் மாதிரி கிடைக்காது. அது அன்னிக்கே போச்சு."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் நனைந்த சட்டையின் பொத்தானை மும்முரமாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லலையா நீ?"

"நீதானே சொல்லக் கூடாதுன்னே?"

"என்ன சொல்லல?" என்றாள் அண்ணி.

"அன்னிக்குத் தொட்டியைக் கழுவும்போது அதுல ஒரு துண்டு உசிரோட இருந்துச்சாம். அண்ணா கிண்ணத்துல கொண்டு வந்து கொடுத்தான். கிளினிக்ல சின்னத் தொட்டி வெச்சேன். இப்ப அது என் உள்ளங்கை அகலம். வர்ற பசங்க அதைப் பாத்துக்கிட்டே ஊசி போட்டுக்குறாங்க. பல் வெட்டுற பிளேடாலயே பாதி வெட்டித் தர்றேன்."

அண்ணி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பழக்கத்தில் இடது கன்னத்தை மறு கையால் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல் ஒரு வருஷமாக வலி. ஊரில் வேறு டாக்டரே இல்லாத மாதிரி, யாரிடமும் போகாமல் வலது பக்கமே மென்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"நாளைக்குக் கிளினிக் பக்கம் வந்து அதைப் பாருங்க, அண்ணி… அந்தப் பல்லையும் எடுத்துக்கிட்டு வாங்க."